சத்தம் ஏறினால் சக்தி ஏறுமா? கார் சைலன்சர் பில்லில் ஒளிந்திருக்கும் இரண்டு கணக்கு

சனிக்கிழமை சாயங்காலம். கார் மாடிஃபிகேஷன் கடை ஒன்றின் லிஃப்டில் ஏறி நிற்கிறது ஒரு டர்போ ஹேட்ச்பேக். வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. இஎம்ஐ இன்னும் நான்கு வருடம் பாக்கி. கீழே நிற்கும் இளைஞரின் கண்கள் காரில் இல்லை; சுவரில் தொங்கும் பளபளப்பான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயில் இருக்கின்றன.

"ப்ரோ, கம்பெனி சைலன்சர்ல வண்டி மூச்சு முட்டிக் கிடக்கு. இந்த செட்டப்பைப் போட்டா பதினைஞ்சு பிஎச்பி அசால்ட்டா ஏறும். சவுண்டு சும்மா தெறிக்கும்."

"வாரன்ட்டிக்கு ஒண்ணும் ஆகாதே அண்ணா?"

"அதெல்லாம் பார்த்துக்கலாம் ப்ரோ. சர்வீசுக்கு விடும்போது பழசை மாட்டிட்டுப் போங்க."

இந்தியாவின் எந்தப் பெரிய நகரத்திலும் கேட்கக்கூடிய உரையாடல்தான் இது. இதில் இரண்டு வாக்குறுதிகள் இருக்கின்றன. ஒன்று சக்தி, இன்னொன்று சத்தம். இரண்டும் ஒரே பில்லில் வருவதால், இரண்டும் ஒரே பொருள் என்று வாங்குபவர் நம்பிவிடுகிறார். ஆனால் அவை இரண்டு தனித்தனிப் பொருட்கள். சத்தம் கட்டாயம் கிடைக்கும். சக்தி கிடைக்குமா என்பது காரின் இன்ஜினையும், குழாயின் எந்தப் பகுதியில் கை வைக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. இன்றைய டர்போ கார்களில் பெரும்பாலும் கிடைப்பது சத்தம் மட்டும்தான். அதற்கான விலையில் ஒரு பங்கை, காரில் உட்காராத தெருக்காரர்களும் சேர்ந்தே கொடுக்கிறார்கள்.

அந்தக் குழாய்க்குள் என்ன நடக்கிறது?

'சைலன்சர்' என்று எல்லோரும் சொல்வது உண்மையில் ஒரு நீண்ட பாதையின் கடைசிப் பகுதி. சிலிண்டரில் பெட்ரோல் எரிந்து முடிந்ததும், சூடான புகை எக்ஸாஸ்ட் வால்வு வழியாக வெளியே வருகிறது. எல்லா சிலிண்டர்களின் புகையையும் ஒன்று சேர்க்கும் கிளைக்குழாய்தான் மேனிஃபோல்டு. ரேஸ் ஆசாமிகள் இதை ஹெடர் என்பார்கள். டர்போ கார் என்றால் அதற்கடுத்து டர்போவின் டர்பைன் சக்கரம், அதிலிருந்து இறங்கும் டவுன்பைப். பிறகு புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். அதற்குப் பின்னால் சத்தத்தின் கரகரப்பை அடக்கும் ரெசனேட்டர், கடைசியில் மஃப்ளர், வால்குழாய்.

கடைகளில் விற்கும் செட்டப்புகள் மூன்று வகை. மஃப்ளரையும் அதன் பின்பகுதியையும் மட்டும் மாற்றுவது ஆக்சில்-பேக். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் மாற்றுவது கேட்-பேக். ஹெடர் அல்லது டவுன்பைப்பில் தொடங்கி முழுப் பாதையையும் மாற்றுவது ஃபுல் சிஸ்டம். இன்ஜினுக்கு எவ்வளவு அருகில் கை வைக்கிறார்களோ, அந்த அளவுக்குச் சக்தியில் மாற்றம் தெரியும். எவ்வளவு தூரம் தள்ளிப் போகிறார்களோ, அந்த அளவுக்கு மாற்றம் வெறும் சத்தமாகவே நின்றுவிடும். பெரும்பாலான இளைஞர்கள் வாங்குவது பின்பக்கத்து ஆக்சில்-பேக்கைத்தான். காரணம் எளிது: அதுதான் விலை குறைவு, மாட்டுவதும் சுலபம்.

'பேக் பிரஷர்' என்ற கட்டுக்கதை

"குழாய் பெருசா இருந்தா வண்டி பறக்கும்" என்று ஒரு கட்சி. "இன்ஜினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் இருந்தாத்தான் இழுவை வரும்ணே" என்று எதிர்க்கட்சி. இரண்டிலும் பாதி உண்மைதான்.

பின்னழுத்தத்தால் இன்ஜினுக்கு எந்த லாபமும் கிடையாது. புகையை வெளியே தள்ளுவதற்கே பிஸ்டன் உழைக்க வேண்டியிருந்தால், அந்த உழைப்பு சக்கரத்துக்குப் போகாது. ஆனால் புகை ஒரே சீராக ஓடும் ஆறு அல்ல. ஒவ்வொரு சிலிண்டரும் மாறி மாறித் துப்பும் துடிப்பு. ஒரு துடிப்பு வேகமாக ஓடும்போது, அதன் பின்னால் ஒரு குறைந்த அழுத்தம் உருவாகிறது. அது அடுத்து வரும் புகையை இழுத்து வெளியேற்ற உதவும். குழாய் அளவுக்கு மீறி அகலமானால் புகையின் வேகம் குறைந்து, இந்த இழுப்பும் பலவீனமாகிவிடும். அதனால்தான் பெரிய குழாய் போட்ட சில கார்கள், நகர டிராஃபிக்கில் முன்பைவிட மந்தமாக ஓடுகின்றன. 6,000 ஆர்பிஎம்மில் கொஞ்சம் கிடைத்திருக்கலாம். 2,000 ஆர்பிஎம்மில் அதை இழந்திருப்பார்கள். அண்ணா சாலையில் 6,000 ஆர்பிஎம்மைப் பார்க்க எத்தனை நாள் வாய்ப்பு வரும்?

டர்போ இல்லாத இன்ஜினில், நன்றாக வடிவமைத்த ஹெடர் உண்மையிலேயே உதவும். ஒவ்வொரு குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் அந்த இன்ஜினுக்கென்றே கணக்கிட வேண்டும். அதையும் சேர்த்து ஈசியூ எனப்படும் இன்ஜின் கணினியின் அளவுகளையும் திருத்த வேண்டும். வெறும் மஃப்ளரை மாற்றினால் கிடைப்பது பெரும்பாலும் டைனோ இயந்திரத்தின் அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடும் அளவுதான்.

டர்போ காரின் கதை வேறு. டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்தால் டர்போ சீக்கிரம் சுழலும் என்பது உண்மை. ஆனால் இன்று வரும் கார்களில் எவ்வளவு பூஸ்ட், எவ்வளவு டார்க் என்பதை முடிவு செய்வது குழாய் அல்ல, ஈசியூ. அதில் ஓர் இலக்கு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. குழாய் தாராளமாகி டர்போ வேகமாகச் சுழன்றாலும், இலக்கைத் தொட்டவுடன் வேஸ்ட்கேட் திறந்து மிச்சப் புகையை டர்பைனுக்கு வெளியே திருப்பிவிடும். சம்பளத்துக்கு உச்சவரம்பு போட்ட கம்பெனியில் கூடுதல் நேரம் உழைப்பது போலத்தான். வரம்பை மாற்ற வேண்டுமென்றால் ஈசியூவை ரீமேப் செய்ய வேண்டும். அப்போது கேள்வி குழாயைத் தாண்டிப் போகிறது: கிளட்ச் தாங்குமா, கியர்பாக்ஸ் தாங்குமா, இன்டர்கூலர் போதுமா?

சத்தம் வேறு, சக்தி வேறு: மூன்று சாட்சிகள்

முதல் சாட்சி நம்ம ஊர்க்காரர். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஹூண்டாய், 2021-ல் ஐ20 என் லைன் காரை அறிமுகப்படுத்தியது. சஸ்பென்ஷன் இறுக்கம், இரட்டை வால்குழாய், ஸ்போர்ட்டியாகக் கேட்கும்படி மாற்றிய எக்ஸாஸ்ட் சத்தம் என்று எல்லாம் உண்டு. ஆனால் அதன் 1 லிட்டர் டர்போ இன்ஜின் தருவது 120 பிஎஸ், 172 நியூட்டன் மீட்டர். சாதாரண ஐ20 டர்போவிலும் அன்று அதே 120, அதே 172. இன்ஜினை வடிவமைத்த கம்பெனியே சைலன்சரை மாற்றியபோது சத்தம்தான் மாறியது. ஸ்பெக் ஷீட்டில் எண் மாறவில்லை. கம்பெனியும் அப்படி எதுவும் சொல்லி விற்கவில்லை.

இரண்டாவது சாட்சி ஜெர்மனியிலிருந்து. பிஎம்டபிள்யூ எம்5 காரில் முன்பு இருந்தது 507 பிஎஸ் தரும் வி10 இன்ஜின். அலறும். 2011-ல் வந்த அடுத்த தலைமுறையில் அதை எடுத்துவிட்டு, இரட்டை டர்போ வைத்த வி8-ஐப் பொருத்தினார்கள். சக்தி 560 பிஎஸ் ஆக ஏறியது; சத்தம் அடங்கிப்போனது. பழைய ரசிகர்கள் முகம் சுளிக்கக் கூடாதே என்று, இன்ஜின் ஒலியை காரின் ஸ்டீரியோ ஸ்பீக்கர் வழியாகவே ஒலிக்கவிட்டது கம்பெனி. சக்தி முன்னால் இருக்கும் இன்ஜினிலிருந்து வர, சத்தம் கதவிலிருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

மூன்றாவது சாட்சி ஃபார்முலா 1. 2013 வரை 2.4 லிட்டர் வி8 இன்ஜின்கள் 18,000 ஆர்பிஎம்மில் காதைக் கிழித்தன. 2014-ல் 1.6 லிட்டர் டர்போ வி6 ஹைபிரிட் வந்தது. சத்தம் பாதாளத்துக்கு இறங்க, மெல்போர்னில் நடந்த முதல் பந்தயத்தின் அமைப்பாளர்களே குறைப்பட்டார்கள். அந்த வருடம் மெர்சிடிஸ் அணி வாய் அகன்ற குழாய் ஒன்றைப் பொருத்திச் சோதித்தும் பார்த்தது. பெரிதாகப் பலன் இல்லை. 2016-ல் சத்தத்தைக் கூட்டுவதற்காகவே வேஸ்ட்கேட்டுக்குத் தனிக் குழாய் என்று விதியை மாற்றினார்கள். ஆனால் இந்த 'சத்தம் குறைந்த' கார்கள்தான் பல டிராக்குகளில் பழைய வேகச் சாதனைகளை உடைத்தன. எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையின் சூடாகவே ஒரு சாதாரண இன்ஜினிலிருந்து வெளியேறிவிடுகிறது. அதில் ஒரு பகுதியைப் பிடித்துத் திரும்பப் பயன்படுத்தியதுதான் அந்த வி6-ன் வெற்றி.

அப்படியானால் கார் வேகமாகப் போவது போலத் தோன்றுகிறதே?

இது பொய் சொல்பவர்களின் அனுபவம் அல்ல. மாட்டிக்கொண்டு ஓட்டியவர்கள் பலரும் மனதார நம்பித்தான் "வண்டி வேற லெவல்" என்கிறார்கள். ஓட்டுபவருக்கு வேகத்தைச் சொல்வது ஸ்பீடோமீட்டர் மட்டும் அல்ல, காதும் சொல்கிறது. அதே 60 கிலோமீட்டர் வேகத்தில் அதிக உறுமல் கேட்டால், மூளை அதை அதிக வேகம் என்று எடுத்துக்கொள்கிறது. சத்தத்தைக் கேட்பதற்காகவே ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்துவதும் நடக்கிறது. வண்டி மாறவில்லை, கால் மாறிவிட்டது.

உண்மை தெரிய ஒரே வழிதான் இருக்கிறது. அதே கார், அதே டைனோ, அதே நாள், அதே பெட்ரோல். மாட்டுவதற்கு முன் ஓர் ஓட்டம், மாட்டிய பின் ஓர் ஓட்டம். மார்கழிக் காலையில் ஒரு ஓட்டமும் சித்திரை மதியத்தில் இன்னொன்றும் எடுத்துவிட்டு ஒப்பிட்டால், வெயில் செய்த வேலையைச் சைலன்சர் கணக்கில் எழுதிவிடுவோம். பதினைந்து பிஎச்பி என்று சொல்லும் கடைக்காரரிடம் இந்த இரண்டு தாள்களைக் கேட்டாலே, பேச்சு பெரும்பாலும் "சவுண்டு கேட்டுப் பாருங்க ப்ரோ" என்று மாறிவிடும்.

கை வைக்கவே கூடாத இடம்

"கேட்டைத் தூக்கிட்டா வண்டி ஃப்ரீ ஆயிடும்" என்ற அறிவுரையும் கடைகளில் கிடைக்கிறது. மேலே சொன்ன எல்லாம் ரசனை சம்பந்தப்பட்டது. இது அப்படி அல்ல.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு போன்ற ஓர் அமைப்பு. அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசப்பட்டிருக்கும். உயிரைக் குடிக்கும் கார்பன் மோனாக்சைடையும், எரியாத பெட்ரோலையும் அது கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளை மீண்டும் நைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் ஒரு பிஎஸ்6 கார், புகை விஷயத்தில் பல தலைமுறை பின்னால் போய்விடும். பள்ளி வாசலில் ஏசி போட்டுக் காத்திருக்கும் அந்த ஒரு காரின் வால்குழாய், பக்கத்தில் நிற்கும் குழந்தையின் மூக்கு உயரத்தில்தான் இருக்கிறது.

அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார்கள் சும்மாவும் இருக்காது. செக் இன்ஜின் விளக்கு எரியும். சில கார்கள் சக்தியைக் குறைத்துக்கொண்டு லிம்ப் மோடுக்கும் போய்விடும். சக்திக்காகச் செலவு செய்து, சக்தி குறைந்த காரோடு வீட்டுக்கு வருவது இப்படித்தான்.

ஆக்சிலரேட்டரை விடும்போது 'பட் பட்' என்று வெடிக்கும் 'பாப்ஸ் அண்ட் பேங்ஸ்' ரீமேப்பும் இதே வகைதான். இன்ஜினுக்குள் எரிய வேண்டிய பெட்ரோலை வேண்டுமென்றே குழாய்க்குள் எரியவிடுவதுதான் அந்த வெடி. அந்தச் சூட்டில் முதலில் வேகுவது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். சக்தி ஒரு துளி ஏறாது. பெட்ரோலும் பணமும்தான் எரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

"எல்லாரும்தான் போடுறாங்க" என்பது சட்டத்தில் செல்லும் வாதம் அல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. இந்தப் பிரிவைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்று கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகை விதிகளை மீறிய வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டினால் அது தனிக் குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம். லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கும்.

இன்னொரு ஆபத்து சத்தமில்லாமல் வரும். காரில் செய்த மாற்றத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பிறகு சர்வேயர் காருக்கு அடியில் குனிந்து பார்க்கும்போது அந்தப் பளபளக்கும் குழாயே எதிர்சாட்சியாக நிற்கலாம். வாரன்ட்டியிலும் இதே கதைதான். "சர்வீசுக்கு விடும்போது பழசை மாட்டிட்டுப் போங்க" என்ற யோசனை, டர்போ போன பிறகு டோவிங் வண்டியில் ஏறும் காருக்குப் பொருந்தாது.

தெரு கொடுக்கும் விலை

டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் அல்ல. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்கு. 10 கூடினால் ஆற்றல் பத்து மடங்கு; காதுக்கு ஏறக்குறைய இரு மடங்கு சத்தமாகக் கேட்கும். இந்தியாவில் ஒரு பயணிகள் கார் ஓடும்போது எழுப்பும் சத்தத்துக்குத் தயாரிப்பு நிலையில் வைத்த வரம்பு 74 டெசிபல். அதிலிருந்து 20 டெசிபல் தாண்டும் கார் 'கொஞ்சம் சத்தமான' கார் அல்ல. ஆற்றலில் அது 100 கார்களுக்குச் சமம்.

2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியின் சராசரி ஒலி பகலில் 55 டெசிபலையும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலையும் தாண்டக் கூடாது. நம் நகரங்கள் ஏற்கனவே அந்த வரம்பைத் தாண்டித்தான் தூங்க முயல்கின்றன. "ஏற்கனவே இவ்வளவு சத்தம், இதில் என் வண்டி என்ன பெரிசு" என்று கேட்பவர்கள் உண்டு. சீராகக் கேட்கும் இரைச்சலுக்குத் தூங்குபவரின் காது பழகிவிடும். திடீரென்று எழும்பி அடங்கும் உறுமலுக்குப் பழகாது. ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு கார் தெருவைக் கடக்க இருபது வினாடி. அந்த இருபது வினாடியில் விழித்துக்கொண்ட கைக்குழந்தையைத் திரும்பத் தூங்க வைக்க ஒரு மணி நேரம். அந்தக் கணக்கு எந்தக் கடையின் பில்லிலும் வருவதில்லை.

சத்தத்தை ரசிப்பது குற்றமா?

இல்லை. நல்ல இன்ஜினின் ஒலி ஒரு சுகம்தான். தவில் கேட்டு வளர்ந்த ஊரில் அதை விளக்க வேண்டியதில்லை. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்து, மாதம் முழுக்க லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, சேர்த்த காசில் ஒரு ஆசையை நிறைவேற்றும் இளைஞரைக் குற்றவாளி போலப் பார்ப்பதும் நியாயம் இல்லை. பிரச்சினை ரசனையில் இல்லை. எங்கே, எப்போது, யார் காதுக்கு என்பதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனியில் நடந்த கதை இதற்கு நல்ல பாடம். அங்கே பொறியியல் பிரிவின் தலைவராக இருந்த ஒருவர், தன் வீட்டு வாசலில் மஸ்டாங் காரை ஸ்டார்ட் செய்தார். சத்தம் தாங்காத பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்கு போன் போட்டுவிட்டார். விளைவு, 2018 மஸ்டாங்கில் வந்த 'நல்ல அண்டை வீட்டுக்காரர்' வசதி. எக்ஸாஸ்ட் குழாய்க்குள் இருக்கும் வால்வு, குறித்த நேரங்களில் தானாக மூடி, ஸ்டார்ட் சத்தத்தைச் சுமார் 10 டெசிபல் குறைத்து 72-க்குக் கொண்டுவரும். அதே கார், அதே வி8, அதே ஓனர். ஒரு பட்டனில் தெருவுக்கும் நிம்மதி.

முழுச் சத்தத்தோடு ஓட்டியே தீர வேண்டும் என்றால் அதற்கும் இடம் இருக்கிறது. அந்த ஐ20 தொழிற்சாலை இருக்கும் அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் சென்னையின் ரேஸ் டிராக்கும் இருக்கிறது. கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. ஆனால் டிராக் என்றாலே வரம்பில்லை என்றும் நினைக்க வேண்டாம். கலிபோர்னியாவின் புகழ்பெற்ற லகுனா சேக்கா டிராக்கில் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் சுமார் 90 டெசிபல்தான் எல்லை. தாண்டினால் கொடி காட்டி காரை வெளியே வரச் சொல்லிவிடுவார்கள். பந்தயக் காருக்கே அக்கம்பக்கத்தார் உண்டு.

அரசு செய்ய வேண்டியது

இளைஞரை மட்டும் குறை சொல்லி முடித்துவிட்டால் பாதி நியாயம்தான். பல இந்திய நகரங்களில் போலீசார் மாற்றிய சைலன்சர்களை வரிசையாக அடுக்கி, ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் காட்சி அவ்வப்போது செய்தியாகிறது. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அடுத்த வாரமே அதே குழாய் அதே கடையில் விற்பனைக்குத் தொங்கும். மாட்டியவருக்கு அபராதம், விற்றவருக்கு வியாபாரம். பல நேரம் அளவீடும் கருவியால் நடப்பதில்லை, காதால் நடக்கிறது.

ஐரோப்பாவில் மாற்று சைலன்சருக்கென்றே ஐ.நா.வின் 59-ம் எண் ஒழுங்குமுறை இருக்கிறது. சோதனையில் தேறிய குழாயின் மேல் 'இ' முத்திரை பொறிக்கப்பட்டிருக்கும். வாங்குபவர் கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். சோதிக்கும் போலீசாரும் பார்த்துவிடலாம். பாரிஸ் நகரம் 2022-ல் சத்தம் அளக்கும் ராடாரைத் தெருவில் நிறுத்திச் சோதிக்கத் தொடங்கியது. கலிபோர்னியாவில் காருக்கு 95 டெசிபல் என்று எண்ணாலேயே எல்லை போட்டிருக்கிறார்கள்.

இங்கே செய்யக்கூடியது எளிது. மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழுக்காக எப்படியும் ஒவ்வொரு காரும் சோதனை மையத்துக்கு வருகிறது. அங்கே புகையை அளக்கும் கருவிக்குப் பக்கத்தில் ஒரு ஒலி மீட்டரையும் வைத்து, வால்குழாய் அருகே நின்ற நிலையில் அளந்து, அந்த எண்ணையும் சான்றிதழில் அச்சடிக்கலாம். தேறிய குழாய்களுக்கு வாங்குபவர் கண்ணுக்குத் தெரியும் முத்திரை, தேறாததை விற்கும் கடைக்கு அபராதம் என்று வந்துவிட்டால், ஆசைப்படும் இளைஞருக்கும் ஒரு நேர்வழி கிடைக்கும். தூங்க நினைக்கும் தெருவுக்கும் ஒரு பாதுகாப்பு கிடைக்கும்.

காசைக் கொடுப்பதற்கு முன்

அதுவரை, லிஃப்டின் கீழே நிற்கும் அந்த இளைஞர் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கே நான்கு. மாட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரே நாளில் எடுத்த டைனோ தாள் உண்டா? கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அதே இடத்தில் இருக்குமா? டெசிபல் எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பீர்களா? இதை இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லலாமா?

நான்குக்கும் நேரான பதில் வந்தால், அது யோசிக்க வேண்டிய பொருள். வரவில்லை என்றால், அந்தப் பணத்துக்கு நல்ல டயர், நல்ல பிரேக் பேட், டிராக்கில் ஒரு நாள் பயிற்சி கிடைக்கும். மூன்றுமே காரை உண்மையில் வேகமாகவும் பத்திரமாகவும் ஓட்ட உதவும். சத்தம் மட்டும் வராது. அது இல்லாமல் வீட்டுக்குத் திரும்பும் காரை, எதிர்வீட்டுப் பாட்டி நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். அவர் தூங்கிக்கொண்டிருப்பார்.